எங்கள் எம்.பி. யாருடைய எம்.பி.? வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதேச சபை ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர் சனசமூக நிலைய வாசிகசாலையில் காலையில் இரண்டு மணித்தியாலம் இருப்பேன். பேப்பர் பார்க்க வருகிறவர்கள் பாதியில் அதை மடித்து வைத்துவிட்டு, "அண்ணை, இது என்ன கதை?" என்று தொடங்கிவிடுவார்கள். 2024இல் இரண்டு தேர்தல், 2025இல் ஒன்று என்று வந்த பிறகு கேள்விகள் கூடிவிட்டன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. ஆனால் கருத்து இல்லாதவனும் இல்லை. அது இடைக்கிடை தலை காட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மதகு வேண்டும். எந்த எம்.பி.யைப் பிடிக்க வேண்டும்?

ஒருவரையும் பிடிக்க வேண்டாம். ஒழுங்கை, அதன் மதகு, தெரு விளக்கு, குப்பை, சந்தை, மயானம் எல்லாம் உள்ளூராட்சி சபையின் வேலை. யாழ்ப்பாண மாவட்டத்தில் இப்படி 17 சபைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் மாநகர சபை ஒன்று, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி நகர சபைகள் மூன்று, மிச்சம் 13 பிரதேச சபைகள். உங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினரும் இருக்கிறார். பெயர் தெரியுமா என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முகட்டைப் பார்க்கிறார்கள்.

பெரிய வீதியென்றால் கதை வேறு. காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்றவை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. இடைப்பட்ட வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரிப் பிரிவு உண்டு. யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொழும்பு அமைச்சு பொறுப்பு, தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளுக்கு மாகாணம் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் தேசிய பாடசாலை என்றால் கொழும்பு, மற்றவை மாகாணம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஆச்சி தெரு விளக்குக்காக அலைந்தார். முதலில் ஓர் எம்.பி.யின் வீட்டுக்குப் போனார், அவர் ஒரு கடிதம் கொடுத்தார். பிறகு இன்னொருவர், இன்னொரு கடிதம். இரண்டும் சுற்றிச் சுற்றி எங்கள் மேசைக்கு வந்து சேர மழைக்காலம் முடிந்துவிட்டது. பல்பு எங்கள் களஞ்சியத்தில்தான் கிடந்தது. ஏணி வாகனம் பழுது, அதைத் திருத்த யாரும் கையெழுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் நாளே எங்களிடம் வந்து நாலு வரி எழுதித் தந்திருந்தால், குறைந்தது ஏசுவதற்காவது சரியான ஆளை அவருக்குக் காட்டியிருக்கலாம்.

அந்த இரண்டு எம்.பி.மாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் "ஆச்சி, இது என்ரை வேலை இல்லை, சபைக்குப் போங்கோ" என்று இருவருமே சொல்லவில்லை. தன் வேலையில்லாததற்கும் தலையாட்டுகிற பிரதிநிதி, அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காத வாக்காளர். நம்பிக்கை போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது போகத் தொடங்குகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, அப்ப எம்.பி.யின் வேலைதான் என்ன?

சட்டத்தைப் பார்ப்பது, வரவுசெலவுத்திட்டத்தைப் பார்ப்பது, அமைச்சரிடம் கேள்வி கேட்டுப் பதிலைப் பதிவில் ஏற்றுவது, குழுக்களில் இருப்பது. காணி, கடலில் இழுவைப் படகு, காணாமல் ஆக்கப்பட்டோர், இராணுவம் பிடித்து வைத்திருக்கும் நிலம் எல்லாம் மத்திய அரசோடு பேச வேண்டியவை. பிரதேச சபைத் தவிசாளரால் அவற்றைத் தொட முடியாது. எம்.பி.யால் முடியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகிவிடும் என்பது அதன் சாரம். காணி உறுதி தொலைந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், முகாமிலிருந்து முகாமுக்கு ஓடியவர்கள் நிறைந்த மண்ணில் மூன்று மாதம்! எதிர்ப்புக் கிளம்பியது, நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அரசாங்கம் வர்த்தமானியை மீளப் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை, வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் முந்தைய வருடம் யாழ்ப்பாணத்தில் தோற்றுப்போன எம்.ஏ. சுமந்திரன்.

முந்தி எத்தனையோ எம்.பி. இருந்தார்கள். இப்போது ஏன் 6 பேர்தான்?

முதலில் ஒன்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2010இல் 9 ஆசனம், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6.

நாடு முழுவதும் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது 196 ஆசனம். அதில் 36 மாகாணத்துக்கு நான்கு என்ற கணக்கில் போகும். மிச்சம் 160 வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின் தொகைப்படி பங்கிடப்படும். 2010இல் எங்கள் இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர். செத்தவர்கள், கனடாவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளை கண்டவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். இடாப்பைச் சுத்தம் செய்ததும் 2015இல் அது 5 இலட்சத்து 29 ஆயிரமாக விழுந்தது, இரண்டு ஆசனம் போயிற்று.

பலர் கவனிக்காத விஷயம் அடுத்தது. 2015க்கும் 2024க்கும் இடையில் எங்கள் வாக்காளர் தொகை கூடியிருக்கிறது, 5 இலட்சத்து 93 ஆயிரம். இருந்தும் ஓர் ஆசனம் குறைந்தது. கம்பஹா போன்ற மாவட்டங்கள் எங்களை விட வேகமாக வளர்ந்துவிட்டன, அங்கே 18 இருந்தது 19 ஆகியது. ஆகவே "திட்டமிட்டு வெட்டிவிட்டார்கள்" என்று கோபிப்பவர்களிடம் நான் சொல்வது, இந்த இடத்தில் வெட்டியது கணக்குத்தான். அந்தக் கணக்குக்குப் பின்னால் போரும் புலப்பெயர்வும் இருப்பது வேறு கதை, அதை மறுக்கவில்லை.

2024இல் தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரம் வாக்கு, ஓர் ஆசனம். சுயேச்சைக் குழுவுக்கு 27 ஆயிரம், அதற்கும் ஓர் ஆசனம். இது என்ன நியாயம்?

வாசிகசாலையில் அதிகம் சண்டை நடந்தது இந்தக் கேள்விக்குத்தான். ஒரு நாள் சுவரில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். தலைவரிடம் ஏச்சும் வாங்கினேன். இப்போது தாளில் போடுகிறேன்.

செல்லுபடியான வாக்கு 3,25,312. அதில் 5 வீதத்தை எட்டாத அணிகள் முதலிலேயே வெளியே. மிஞ்சியவை ஆறு அணிகள். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசு 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17 என்ற மருத்துவர் அர்ச்சுனாவின் அணி 27,855, பிறகு சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியான ஈ.பி.டி.பி.யும்.

ஆறு ஆசனத்தில் ஒன்று போனஸ். முதலாவதாக வந்த அணிக்கு அது சும்மா போகும். மிச்சம் ஐந்து. ஆறு அணிகளின் மொத்த வாக்கை ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 48 ஆயிரம். முழு விலை கொடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். தேசிய மக்கள் சக்தி ஒன்று வாங்கியது, கையில் மீதி 32 ஆயிரத்துச் சொச்சம். தமிழரசு ஒன்று வாங்கியது, மீதி 15 ஆயிரத்துச் சொச்சம். இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவை மீதி பெரிதாக உள்ளவர்களுக்கு வரிசையாகப் போகும். 32 ஆயிரம் மீதிக்கு ஒன்று, 27,986க்கு ஒன்று, 27,855க்கு ஒன்று. முடிந்தது. தமிழரசின் 15 ஆயிரம் மீதி வரிசையில் பின்னால் நின்றுவிட்டது.

ஆகவே 80 ஆயிரத்துக்கு மூன்று, 63 ஆயிரத்துக்கு ஒன்று. மோசடி எதுவும் இல்லை. ஆனால் இந்த முறை சிதறிப்போகிறவர்களைத் தண்டிக்கும். தமிழ்க் காங்கிரஸும் சங்குக் கூட்டணியும் தமிழரசோடு ஒரே பட்டியலில் நின்றிருந்தால் முதலிடமும் போனஸும் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். எனக்கு அந்தக் கட்சிகள் மேல் இருக்கிற கோபம் கொள்கையால் வந்ததல்ல, கூட்டல் கழித்தலால் வந்தது.

சின்னச் சுயேச்சைக் குழுவுக்குப் போட்ட வாக்கு வீணா?

ஆசனக் கணக்கில், ஆம். 2024இல் ஆறு ஆசனத்துக்கு 44 அணிகள், 396 வேட்பாளர்கள். ஒழுங்கைக்கு ஒருவர் நின்றார் என்று பகிடி விட்டோம். 5 வீதத்துக்குக் கீழே நின்ற அணிகளுக்குப் போன வாக்கு மட்டும் 85 ஆயிரம், அதாவது முதலாவதாக வந்த அணி எடுத்ததை விட அதிகம்.

விருப்பு வாக்கு எப்படிப் போடுவது? வாக்குகள் ஏன் இவ்வளவு நிராகரிக்கப்படுகின்றன?

முதலில் கட்சிக்குப் புள்ளடி. பிறகு விரும்பினால் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை அவர்களது இலக்கத்துக்குப் புள்ளடி. இலக்கங்கள் எல்லாக் கட்சிக்கும் பொதுவாகக் கீழே அச்சிட்டிருக்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் எந்தக் கட்சியின் 3ஆம் இலக்கம் என்று யாருக்குத் தெரியும்? வாக்குப் போய்விடும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் போய்விடும். மூன்றுக்கு மேல் விருப்பு வாக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குப் போய்விடும்.

2024 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் 32 ஆயிரத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்டது. தமிழ்க் காங்கிரஸும் சுயேச்சைக் குழு 17உம் ஓர் ஆசனம் எடுக்கத் தனித்தனியே வாங்கிய வாக்கை விட அது கூட. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதலாம் என்று படித்துக்கொடுத்துவிட்டு, இரண்டு மாதத்தில் 44 வரிசை உள்ள நீளத் தாளைக் கையில் கொடுத்தால் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? "எல்லாருக்கும் ஒண்டு ஒண்டு போட்டிட்டன் தம்பி, ஒருத்தரும் குறை நினைக்கக் கூடாது" என்றார் ஒரு மாமி.

வென்றவர் சரியில்லை என்றால் இடையில் திருப்பி அழைக்கலாமா?

முடியாது. அப்படி ஒரு சட்டம் எங்கள் நாட்டில் இல்லை. வாக்காளரால் முடியாததைக் கட்சியால் செய்ய முடியும். கட்சி ஒருவரை நீக்கினால் அவரது ஆசனம் போகும், அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அனுமதியில்லாமல் மூன்று மாதம் தொடர்ந்து சபைக்கு வராவிட்டாலும் ஆசனம் போகும். இடைத்தேர்தல் கிடையாது, அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குக்காரர் உள்ளே வருவார்.

இதை யோசித்துப் பாருங்கள். முந்திய தொகுதி முறையில் வட்டுக்கோட்டைக்கு ஓர் ஆள், காங்கேசன்துறைக்கு ஓர் ஆள் என்று இருந்தது. 1952இல் செல்வநாயகத்தையே காங்கேசன்துறை தோற்கடித்தது. 1970இல் அமிர்தலிங்கத்தை வட்டுக்கோட்டை தோற்கடித்தது. பெரிய தலைவர் என்றும் பார்க்காமல் தொகுதி கணக்குக் கேட்டது. இப்போது ஆறு பேரும் நெடுந்தீவிலிருந்து கிளிநொச்சி வரை எல்லோருக்கும் எம்.பி. எல்லோருக்கும் எம்.பி. என்றால் எங்கள் ஊருக்கு யார் என்று கேட்டால் பதில் இல்லை.

மாகாண சபைக்கு என்ன நடந்தது?

2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்தது. 38 ஆசனத்தில், தமிழரசு உள்ளிட்ட கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30. முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரனுக்கு ஒரு இலட்சத்து 32 ஆயிரம் விருப்பு வாக்கு. அன்று இரவு பட்டாசு வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது. 2017இல் அமைச்சர்கள் மேல் விசாரணை, பிறகு முதலமைச்சர் மேலேயே நம்பிக்கையில்லாப் பிரேரணை. 2018 ஒக்டோபரில் ஆயுட்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை.

காரணம், 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டு வந்தார்கள். புது முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறைக்கும் போக முடியாது, புது முறைக்கும் போக முடியாது. நடுவில் ஆளுநர் ஆட்சி. கல்வி, சுகாதாரம், வீதி என்று அன்றாடம் எங்களைத் தொடுகிற விஷயங்கள் பெரும்பாலும் மாகாணத்தில்தான் இருக்கின்றன. அதற்கு நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. எம்.பி.மாரின் வாசலில் கூட்டம் கூடுவதற்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம்.

சனங்களுக்கு ஏன் நம்பிக்கை விட்டுப்போயிற்று?

எண்களை முதலில் வைக்கிறேன். யாழ். மாவட்டத்தில் 2004இல் கூட்டமைப்புக்கு 9இல் 8. 2010இல் 9இல் 5. 2015இல் 7இல் 5. 2020இல் 7இல் 3. 2024இல் தமிழரசு தனித்து நின்று 6இல் 1. இருபது வருடத்தில் படிப்படியாக இறங்கிய ஏணி இது. ஒரே இரவில் வந்த வீழ்ச்சி அல்ல.

ஆளுக்கு ஆள் வேறு காரணம் சொல்வார்கள். 2015க்குப் பிறகு அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றும் புதிய அரசியலமைப்பு வரவில்லை. 2016க்குள் தீர்வு, தீபாவளிக்குள் தீர்வு என்று தலைவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு, பிறகு "எந்தத் தீபாவளிக்கு?" என்பது இங்கே ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழரசு வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிவு செய்தது, நல்ல விஷயம் என்று நானும் நினைத்தேன். அது வழக்கில் போய் முடங்கிற்று. தன் கட்சித் தேர்தலையே முடிக்க முடியாதவர்கள் என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பிவிட்டது.

இவை எல்லாம் சரி. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாங்கள் நீண்ட காலம் ஆளுக்கு வாக்குப் போடவில்லை, சின்னத்துக்குப் போட்டோம். வீடு, சைக்கிள், வீணை. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போட்டதும் அப்படித்தான், அதில் பிழையும் இல்லை, அன்றைக்கு அது ஒரு தீர்ப்பு. 1972இல் செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்து, 1975 இடைத்தேர்தலில் திரும்ப நின்று வென்றபோதும் அப்படித்தான். 1983இல் தனிநாடு கேட்க மாட்டோம் என்ற ஆறாம் திருத்தச் சத்தியப் பிரமாணத்தை எடுக்க மாட்டோம் என்று கூட்டணி எம்.பி.மார் ஆசனத்தை விட்டார்கள். இப்படியெல்லாம் இருந்த ஊரில் "போன வருடம் சபையில் எத்தனை கேள்வி கேட்டீர்?" என்று எம்.பி.யிடம் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு துவக்குகளின் காலம். யாழ்ப்பாண மேயராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே மாதம் கொல்லப்பட்டார், அடுத்து வந்த சிவபாலன் அதே வருடம் செப்டெம்பரில். எம்.பி.யாக இருந்த ரவிராஜ் 2006இல் கொழும்பில். அந்தக் காலத்தில் யார் யாரிடம் கணக்குக் கேட்பது? கேட்கும் பழக்கமே எங்களிடம் வளரவில்லை. பழக்கம் இல்லாதவர்களுக்கு ஏமாற்றம் வரும்போது கோபம் மட்டும்தான் கையில் இருக்கும். கோபத்தில் போடுகிற வாக்கு ஆளை மாற்றும், கேட்கும் பழக்கத்தைக் கொண்டு வராது.

தெற்குக் கட்சிக்கு வாக்குப் போட்டவர்கள் துரோகிகளா?

இந்தச் சொல்லை வாசிகசாலைக்குள் பாவிக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டலாமா என்று யோசித்ததுண்டு. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமாரவுக்கு எங்கள் மாவட்டத்தில் 27,086 வாக்கு. நவம்பரில் அவரது கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு 80,830. இரண்டு மாதத்தில் மும்மடங்கு. அந்த மேலதிக 53 ஆயிரம் பேர் இரவோடு இரவாகக் கொள்கை மாறியவர்கள் இல்லை, பழையவர்களுக்கு ஒரு செய்தி சொன்னவர்கள். அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணம் மாநகர சபையின் 45 ஆசனங்களில் தமிழரசு 13, காங்கிரஸ் அணி 12, தேசிய மக்கள் சக்தி 10 என்று வந்தது. சனம் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. புது மூன்று எம்.பி.மாரும் தங்கள் கட்சி அரசாங்கத்தில் இருக்கும்போது காணியைப் பற்றியும் மாகாண சபைத் தேர்தலைப் பற்றியும் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் சத்தம் போடுகிற எம்.பி. நல்லவரா?

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவைச் சொல்கிறீர்கள். முந்தி அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, இப்போது கைபேசியில் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு விமர்சனம் செய்கிறோம். வெளிச்சம் வந்தது நல்லது. ஆனால் பத்து நிமிடக் காணொளியில் ஓர் உத்தியோகத்தரை அதட்டுவது வேலை ஆகாது. நானும் உத்தியோகத்தனாக இருந்தவன் என்பதால் பக்கச்சார்பு இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். கூட்ட அறிக்கையில் "இன்ன திகதிக்கு முன் இன்னார் செய்வார்" என்று ஒரு வரி ஏறியதா, அடுத்த கூட்டத்தில் அந்த வரியை யாராவது திரும்ப எடுத்தார்களா? நான் பார்ப்பது அதைத்தான். அந்த வரிக்கு லைக் விழாது.

எம்.பி. என் பிள்ளைக்கு வேலை எடுத்துத் தருவாரா?

மாட்டார். தருவேன் என்றால் நம்பாதீர்கள். காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

அவர்களுடைய சொத்து விபரம் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி எம்.பி.மார் மட்டுமல்ல, உள்ளூராட்சி உறுப்பினர்களும் வருடந்தோறும் சொத்துப் பொறுப்பு வெளிப்படுத்த வேண்டும். வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவற்றை மறைத்துவிட்டு மிச்சத்தை ஆணைக்குழு இணையத்தில் போடுகிறது. தேர்தல் செலவுக்கும் அதே வருடம் ஒரு சட்டம் வந்தது, முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். இதைப் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் எனக்குத் தெரிய இரண்டு பேர். இரண்டு பேரும் வளாகத்தில் படிக்கிற பெடியள்.

எழுதிக் கேட்டால் பதில் வருமா?

வாயால் கேட்பதை விட வரும். நான் மேசைக்கு மறுபக்கம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். வாயால் சொன்னது மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடும். கடிதம் வந்தால் பதிவேட்டில் இலக்கம் விழும், இலக்கம் விழுந்தால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். மதகையும் குப்பையையும் நாய்த் தொல்லையையும் ஒன்றாக எழுதினால் மூன்று பிரிவுக்கும் அலைந்து ஒன்றிலும் நிற்காது. இடத்தைத் தெளிவாக எழுதுங்கள், மின்கம்ப இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பிரதி ஒன்றில் முத்திரை குத்தி வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு சபையிலும் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் மதகு போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை, சண்டை. "எங்கள் வட்டாரத்தில் கடந்த இரண்டு வருடம் மதகு வேலைக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலை நடந்த இடங்கள்" என்று கேளுங்கள். அப்படி ஒரு கடிதம் எங்கள் சபைக்கு முதன்முறை வந்த நாளில் செயலாளர் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அதற்குப் பிறகு கோப்புகள் ஒழுங்காக இருந்தன.

பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

2024இல் தெரிவான ஆறு பேரும் ஆண்கள். விஜயகலா மகேஸ்வரன், பத்மினி சிதம்பரநாதன் போன்ற ஒரு சில பெயர்களை விட்டால் முந்தியும் பெரிதாக இல்லை. உள்ளூராட்சியில் 25 வீத ஒதுக்கீடு வந்ததால் அங்கே நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூனில் மதிவதனி விவேகானந்தராஜா யாழ்ப்பாண மேயர் ஆனார். "முதல் பெண் மேயர்" என்று சிலர் முகநூலில் எழுதினார்கள். இல்லை, சரோஜினி யோகேஸ்வரனை மறந்துவிட்டார்கள்.

ஒருவரையும் பிடிக்கவில்லை. போடாமல் விட்டால் என்ன?

உங்கள் உரிமை. யாழ்ப்பாணம் அதையும் செய்து பார்த்த ஊர்தான். 1931இல், சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலிலேயே, இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொல்லி வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 1994இல் போர்ச் சூழலில் மூன்று வீதம் கூட வாக்களிக்கவில்லை, ஏறக்குறைய 10,700 வாக்கில் ஒரே கட்சி 9 ஆசனம் எடுத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். போடாத வாக்கு ஆசனத்தை வெறுமையாக விடுவதில்லை, 1931ஐத் தவிர. யாரோ ஒருவர் மலிவு விலையில் வாங்கிவிடுவார். பிடிக்காதவர்களில் குறைவாகப் பிடிக்காதவரையாவது பாருங்கள் என்பது என் கட்சி.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கடைசியாக யாரிடம் என்ன கேட்டீர்கள்?

இதைக் கேட்டது ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை. நல்ல கேள்வி. எங்கள் ஒழுங்கை மதகுக்கு நான்தான் எழுதினேன். வட்டார உறுப்பினருக்கு ஒன்று, சபைச் செயலாளருக்குப் பிரதி, முத்திரை குத்தி வாங்கினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது, அடுத்த வருடப் பாதீட்டில் சேர்க்கப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். கடிதத்தை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன், திகதி எல்லோருக்கும் தெரியட்டும் என்று. நேற்றுப் பார்த்தால் அதற்குக் கீழே யாரோ பென்சிலால் ஒரு சொல் எழுதியிருக்கிறார்கள்: "பாப்பம்."